கீழே இறங்கிய வாசல்: ஹடோ மாளிகையின் கதை

கொழும்புக் கோட்டையிலுள்ள கோர்டன் பூங்காவின் பெயரைப் பலரும் அறிவர். அப்பெயருக்குரியவரான சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன், 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நாணயத்தாள்களுக்கு அரசாங்க உத்தரவாதம் வழங்கியவர். 1886இல் ஊவா மாகாணத்தையும் 1889இல் சப்பிரகமுவ மாகாணத்தையும் உருவாக்கியவர். நமது வரலாற்றில் அவரது ஆட்சியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நான் இங்கு எழுத விரும்புவது அவரது குடும்பத்தின் பூர்வீக மாளிகையைப் பற்றி.

ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடக்கே சுமார் 20 மைல் தொலைவில் உள்ளது ஹடோ மாளிகை. கோர்டன் குடும்பத்தின் பழைய வீடு 1644இல் நடந்த உள்நாட்டுப் போரில் அழிந்தது. மன்னரின் பக்கம் நின்ற வீட்டுத் தலைவர் சேர் ஜோன் கோர்டன் எடின்பரோவில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆயினும் அவரது மகன் 1682இல் முதலாவது அபர்டீன் பிரபுவானார்.

இரண்டாவது பிரபுவுக்காக 1732இல் இன்றைய மாளிகையை வடிவமைத்தவர் வில்லியம் அடம் என்ற கட்டடக் கலைஞர். இத்தாலியக் கலைஞர் பல்லாடியோவின் வழிவந்த பாணி அது. நடுவில் மூன்று தளக் கட்டடம். இருபுறமும் வளைந்து செல்லும் இணைப்புகள். அவற்றின் முடிவில் இரு சிறு கட்டடங்கள். பிரதான வாசல் நிலத்தில் இருக்கவில்லை. வெளிப்புறப் படிகளில் ஏறி மேல்தளத்துக்குச் சென்றே விருந்தினர் உள்ளே நுழைய வேண்டும். வாசலே வந்தவருக்கு வீட்டுக்காரரின் உயரத்தை உணர்த்தியது.

மூன்றாவது பிரபு வீட்டைக் கவனியாது விட்டார். அவரது பேரனான நான்காவது பிரபு, சீரழிந்து கிடந்த மாளிகையையும் மரங்களற்ற நிலத்தையும் பொறுப்பேற்று, தோட்டமும் காடுமாக மாற்றினார். 1852 முதல் 1855 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் இவரே. நமது தேசாதிபதியின் தந்தையாரும் இவரே. கிறிமியா யுத்தத்தின் பழியைச் சுமந்து அவர் பதவி விலகினார். இரத்தம் சிந்தியதனால் தாவீது அரசன் ஆலயம் கட்டத் தகுதியற்றவனானான் என்று விவிலியம் கூறும். அதனை மனதிற்கொண்டே அவர், தமது நிலத்திலிருந்த தேவாலயத்தைப் புதிதாகக் கட்ட மறுத்து, அப்பணியை மகனுக்கு விட்டுச் சென்றார்.

ஆறாவது பிரபு பெயரை மறைத்துக் கப்பலில் மாலுமியாகப் பணிபுரிந்து, 1870இல் கடலில் வீழ்ந்து இறந்தார். அவரது தம்பி ஏழாவது பிரபுவானார். இவரும் மனைவி இஷ்பெலும் சேர்ந்து 1880 அளவில் மாளிகையைப் பெரிதும் மாற்றினர். வெளிப்படிகள் அகற்றப்பட்டன, வாசல் நிலத்தளத்துக்கு இறங்கியது. உள்ளறைகள் வில்லியம் அடமின் மகன் ரொபர்ட் அடமின் பாணியைப் பின்பற்றி அலங்கரிக்கப்பட்டன. தந்தை கட்டிய வீட்டுக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மகனின் பாணி வந்து சேர்ந்தது. ஜோர்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் வடிவமைத்த சிற்றாலயமும் எழுந்தது. தேவாலயம் கட்ட மறுத்த பிரதமரின் பேரன், வீட்டோடு சேர்த்தே ஆலயம் அமைத்தார்.

இம்மாற்றங்களால் மூல வடிவம் சிதைந்தது என வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. அகற்றிய படிகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் வாசலை இறக்கிய அதே தம்பதியர்தான், பணியாளர்களின் கல்விக்கென ஹடோ மாளிகைச் சங்கத்தையும் தொடங்கினர். கட்டடத்தின் மாற்றத்தை அதில் வாழ்ந்தோரின் மாற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதே எனது கருத்து.

இரண்டாம் உலகப்போரில் மாளிகை மகப்பேற்று மருத்துவமனையாகியது. கிளாஸ்கோவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாய்மாருக்கு ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் அங்கு பிறந்தன. 1945இல் அங்கு ஓர் இசைக்குழு உருவாகி, தோட்டத்திலிருந்த மரமண்டபத்தில் பெரும் இசை நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கியது. 1979இல் மாளிகை ஸ்கொட்லாந்துத் தேசிய நம்பிக்கை நிதியத்தின் வசமானது.

ஸ்கொட்லாந்தின் எத்தனையோ பெருமாளிகைகள் இருபதாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளப்பட்டன. வாசலை மாற்றிக்கொண்ட ஹடோ மாளிகை, வில்லியம் அடம் எழுப்பிய சுவர்களோடு இன்றும் நிற்கிறது.