வழியுரிமையும் கண்ணில் படாமையும்: கிளைடர் மோதல் தவிர்ப்பு வளர்ந்த வரலாறு

இயந்திர விமானம் கிளைடருக்கு வழிவிட வேண்டும் என்பது சர்வதேச வான்விதி. ஆனால் வழிவிட வேண்டியவர் கண்ணில் கிளைடர் பட்டால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. கிளைடர்களுக்கான மோதல் தவிர்ப்பு முறைகள் வளர்ந்ததை, இந்தக் கண்ணில் படாமையோடு நடந்த போராட்டமாகவே வாசிக்க வேண்டும்.

1920இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் கிளைடர் போட்டிகள் தொடங்கின. சரிவில் மோதி மேலெழும் காற்றே அன்றைய ஆதாரம். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது பொதுவிதி. வலப்பக்கம் மலை இருப்பவரால் அது முடியாது. எனவே மலையை இடப்பக்கம் வைத்திருப்பவர் விலக வேண்டும் என்ற மரபு உருவானது. 1920களின் இறுதியில் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் போன்ற கிளைடர் விமானிகள் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோமீட்டரைக் கையாளத் தொடங்கியதும், சமவெளியின் வெப்பக் காற்றெழுச்சிகளும் வசப்பட்டன. பருந்துக் கூட்டம்போல் பல கிளைடர்கள் ஒரே காற்றுத் தூணில் வட்டமிடலாயின. முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே மற்றவர்களும் சுற்ற வேண்டும் என்பது அங்கே பிறந்த ஒழுங்கு.

1957இல் ஷ்டுட்கார்ட் மாணவர் குழுவின் 'ஃபீனிக்ஸ்' முதல் கண்ணாடியிழைக் கிளைடராகப் பறந்தது. மெல்லிய இறக்கை, வழுவழுப்பான உடல். வெயிலில் பிசின் இளகாதிருக்க வெள்ளைப் பூச்சு வேண்டியிருந்தது. வெண்மேகப் பின்னணியில் வெள்ளைக் கிளைடர்! திறன் கூடக் கூட உருவம் மறைந்தது என்பதை வடிவமைப்பு வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை.

கண்ணுக்கும் எல்லை உண்டு. மோதும் பாதையில் வருவது விமானியறைக் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே புள்ளியாக நிற்கும். அசையாததைக் கண் எளிதில் தவறவிடும். கண்டு, உணர்ந்து, விலக 12.5 விநாடி தேவை என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. தலா 150 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரு கிளைடர்கள் அதற்குள் ஒரு கிலோமீட்டருக்குமேல் நெருங்கிவிடும். ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்புப் புலனாய்வகம் 1991இல் வெளியிட்ட ஆய்வு, 'பார்த்து விலகுதல்' முறையின் குறைகளை விரிவாகவே எடுத்துரைத்தது.

பயணிகள் விமானங்களுக்கு அதற்குள் மோதலை எச்சரிக்கும் டிகாஸ் கருவி வந்துவிட்டது. அது மற்ற விமானங்களிலுள்ள டிரான்ஸ்பாண்டர் எனும் பதிலளிப்புக் கருவிகளை நம்பியது. சிறு பேட்டரியோடு பறக்கும் கிளைடருக்கு அந்த மின்செலவு பாரம். மேலும், ஒரே தூணில் அருகருகே சுற்றுவோருக்கு நெருக்கமே எச்சரிக்கைக்குக் காரணமானால் கருவி ஓயாமல் அலறும். 2004இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஃபிளார்ம், ஜிபிஎஸ் இடத்தோடு அடுத்த சில விநாடிகளின் பாதையையும் கணித்து, சிறுதிறன் வானொலியில் பரப்பியது. பாதைகள் மோதும் நிலை வந்தால் மட்டுமே ஒலித்தது. அருகிருத்தலையும் ஆபத்தையும் பிரித்ததே அதன் சாதனை என்பேன். ஆனால் எதிரே வருபவரிடமும் அக்கருவி இருக்க வேண்டும்.

2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிண்டன் அருகே, சுமார் 16,000 அடி உயரத்தில் ஹாக்கர் ஜெட் ஒன்று கிளைடரில் மோதியது. கிளைடர் விமானி பாராசூட்டில் தப்பினார், ஜெட் சக்கரங்களின்றிக் கார்சன் சிட்டியில் இறங்கியது, உயிரிழப்பு இல்லை. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, பேட்டரியைச் சேமிக்க அணைக்கப்பட்டிருந்தது. டிரான்ஸ்பாண்டர் விதியில் கிளைடர்களுக்கு இருந்த விலக்கை நீக்குமாறு 2008இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. 2020இல் விமானத்தின் இருப்பிடத்தைத் தானே பரப்பும் ஏடிஎஸ்-பி அங்கே கட்டாயமானபோதும், கிளைடர்களுக்கான விலக்கு பெரும்பாலும் நீடித்தது.