ஒரு வண்டியின் பூர்வீகம்

தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்து, கடல்கடந்து கடத்தப்பட்ட நடராஜர், லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு வென்று 1991இல் நாடு திரும்பினார். அதே ஆண்டில் இன்னொரு பொருளும் கைமாறியது. கல்கத்தாவில் வாழ்ந்த மாத்யூசன் என்ற செல்வந்தருக்காக 1910இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, பின்பு நாபா மகாராஜாவிடம் சேர்ந்த அன்ன வடிவக் காரை நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகம் வாங்கியது. முன்னதை நாம் கொண்டாடினோம்; பின்னதைக் கவனித்தவர் சிலரே.

காரையும் காக்க வேண்டிய செல்வமாகக் கருதும் எண்ணம் இங்கே தாமதமாகத்தான் வந்தது. சமஸ்தானங்கள் மறைந்தபின் மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் பல, அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களின் கைக்குப் போயின. 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே காக்கிறது. அன்று எந்தக் காருக்கும் அந்த வயது இல்லை. ஆகவே காரைக் காக்கும் வேலி ஏற்றுமதிக் கொள்கையில் எழுந்தது. 1950 ஜனவரி 1க்கு முன் தயாரான கார்களையும், 1940 ஜனவரி 1க்கு முன் தயாரான மோட்டார் சைக்கிள்களையும், அவற்றின் பாகங்களையும் தடையின்றி வெளியே அனுப்ப முடியாதபடி அது கட்டுப்படுத்தியது.

இந்த வேலி ஒரு தேதியால் ஆனது. 1949இல் பிறந்த வண்டி மரபுச் செல்வம். 1951இல் பிறந்தது வெறும் சரக்கு. பின்னதை விற்பவர் கடன் பாக்கியைத் தீர்த்து, பதிவு அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, சுங்கத்துறையில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்தால் கப்பல் ஏற்றிவிடலாம். கண்காட்சிக்கு மட்டும் வெளிநாடு போகும் வண்டிக்கு ‘கார்னே’ என்ற ஆவணம் உண்டு. குறித்த காலத்தில் திரும்பி வந்துவிடும் என்பதற்கான பிணை அது. எந்த வழியானாலும், சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வண்டியின் வயதைச் சொல்வது இரும்பு அல்ல, காகிதம். பத்தூர் நடராஜரும் பொய்யான பூர்வீகம் சொல்லித்தான் விற்கப்பட்டிருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் தொடங்கியது. அந்நாளில் அவ்வழியே புழுதி பறக்க ஓடிய அம்பாசிடர் ஒன்று இன்றும் எஞ்சியிருக்குமானால் அதற்கு ஐம்பது வயது கடந்திருக்கும். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த இனத்துக்கு 1950ஆம் ஆண்டு வேலியில் இடமில்லை. தூத்துக்குடித் துறைமுகமும் தொலைவில் இல்லை.

ஆனால் 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பதாண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி எண்வரிசையைத் தந்திருக்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். காப்பீட்டோடு, முன்பே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யையும், இறக்குமதியானதற்குச் சுங்க ஆவணத்தையும் கேட்கிறது அவ்விதி.

ஆக, வண்டி வெளியே போவதற்கும் காகிதம் வேண்டும், இங்கேயே வாழ்வதற்கும் காகிதம் வேண்டும். அது கரையானுக்கு இரையாகிவிட்டால் எஞ்சுவது எடைக்குப் போடும் இரும்புதான். தாத்தாவின் காரைத் துடைத்து வைப்பவர்கள், பரணில் கிடக்கும் அந்தப் பழுப்பேறிய புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.