சென்னை வீட்டுக்காரர்களும் வாடகைச் சட்டமும்

சென்னையில் வீடு கட்டி வாடகைக்கு விட்டு வாழ்ந்தவர்கள் தம் பின்னவர்களுக்குச் சொல்லிவைத்த நடைமுறைகளுள் பெரும்பாலானவை, சந்தையின் போக்கைக் காட்டிலும் வாடகைச் சட்டங்களின் போக்கை ஒட்டியே உருவானவை என்பது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகும். சட்டத்திற்கு முந்திய பாடம் எளியது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் 'ஸ்டோர்' எனப்பட்ட வீடுகளில், ஒரே நடையை ஒட்டி ஓரிரு அறைகள் கொண்ட 'போர்ஷன்'களில் பல குடும்பங்கள் கிணற்றையும் கழிப்பறையையும் பொதுவில் கொண்டு ஒண்டுக்குடித்தனம் நடத்தின. ஒரு போர்ஷன் காலியானாலும் வருமானம் அடியோடு நிற்பதில்லை என்பதே அவ்வமைப்பின் கணக்கு.

இரண்டாம் உலகப்போர் இக்கணக்கைக் கலைத்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளானதும் சென்னை மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். தற்காலிகமாகக் கருதப்பட்ட கட்டுப்பாடோ போருக்குப்பின்னும் நீங்காமல் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக நிலைபெற்றது.

இவற்றுள் 1960ஆம் ஆண்டுச் சட்டமே வீட்டுக்காரர்களுக்கு நெடுங்காலம் ஆசானாக இருந்தது எனலாம். மனை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் கூட்டி, அத்தொகையில் ஆண்டுக்கு 9 விழுக்காடு குடியிருப்புக்கும் 12 விழுக்காடு பிற பயன்பாட்டுக்கும் 'நியாய வாடகை', அதாவது அதிகாரி நிர்ணயிக்கும் வாடகை, எனப் பின்னாளில் அது வரையறுத்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களாலன்றிக் குடித்தனக்காரரை வெளியேற்ற இயலாது என்றாகவே, வீட்டுக்காரரின் கவனம் வாடகையை உயர்த்துவதைவிட வருபவரை ஆராய்வதிலேயே குவிந்தது; யாருடைய சிபாரிசு, எங்கே உத்தியோகம் என்ற விசாரணைக்குப் பின்னால் இருந்தது இந்த அச்சமே. கட்டி முடித்த 5 ஆண்டுகள் வரை புதுக் கட்டடத்திற்கும், மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புக்கும் அளிக்கப்பட்ட விலக்குகளுள் பின்னதை, கடைகளுக்கு இல்லாத பாகுபாடு என்று கூறி உச்ச நீதிமன்றம் 1986இல் ரத்து செய்தது.

சட்டத்தை மீறியே வளர்ந்த வழக்கங்களும் உண்டு. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும், 10 மாத 'அட்வான்ஸ்' நகரெங்கும் இயல்பாயிற்று. வழக்காடி வெளியேற்ற ஆகும் காலத்தின் இழப்பை முன்கூட்டியே ஈடுசெய்யும் காப்பீடாக அதனைக் கொள்வதே பொருந்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 11 மாத ஒப்பந்தத்தைப் பழக்கிவிட்டது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், 'நியாய வாடகை'யைக் கைவிட்டு, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதனை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. வைப்புத்தொகைக்கு 3 மாத வாடகை வரம்பு கூறப்பட்டாலும், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அவ்வரம்பு பொருந்தாது என்று அச்சட்டமே இடம் தருவதால், 10 மாத அட்வான்ஸ் கேட்பவருக்கு இப்போது சட்டத்தின் தடையும் இல்லை.