கருமணலும் கருவறையும்
திருவிதாங்கூர்க் கரையில் மனித மரபியல் ஆராய்ச்சி நடந்த கதை

கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆற்றிங்கல், கொல்லம் தாண்டி நீண்டகரையும் சவராவும் கருநாகப்பள்ளியும் வரும். தெற்கே திரும்பினால் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை கடந்து குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்குப் போய்ச் சேரலாம். நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். இரு முனைகளுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது கழக்கூட்டம். இன்று இந்தப் பெயரைச் சொன்னால் எல்லோர் நினைவுக்கும் வருவது 1990இல் தொடங்கிய டெக்னோபார்க். ஆனால் அதே 1990இல், இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கருநாகப்பள்ளியில் வேறொரு வேலையும் தொடங்கியது. வீடு வீடாகப் போய், யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று எழுதும் வேலை. காரணம், காலடியில் கிடக்கும் மணல்.

அந்த மணலின் பெயர் மோனசைட். அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிர் வீசும். இயற்கைக் கதிர்வீச்சு எங்கும் உண்டு. ஆனால் சவரா கரையில் ஆண்டுக்குச் சராசரியாக 4 மில்லிகிரே. சில இடங்களில் 45 வரைகூடப் போகிறது. சாதாரண ஊர்களில் இது ஒன்றுகூட வராது. தலைமுறை தலைமுறையாக இந்த மணல்மேல் பாய் விரித்துப் படுத்து, பிள்ளை பெற்று, வலை பின்னி வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? மனித மரபியல் என்ற இளம் துறை கையில் புதுக் கருவி கிடைத்தபோதெல்லாம் இந்தக் கரைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது.

மணல் வெளியுலகுக்குத் தெரிந்த விதமே வேடிக்கை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அப்போது அதற்குப் பெரிய கிராக்கி, காஸ் விளக்கின் மாண்டிலுக்காக. கவுண்டமணி–செந்தில் நகைச்சுவையால் தமிழ்நாடே அறிந்த அந்தப் பெட்ரோமாக்ஸ் மாண்டிலின் வெள்ளை ஒளி, தோரியம் ஆக்சைடு தந்த ஒளிதான். 1910 வாக்கில் மணவாளக்குறிச்சியிலும் பின்னர் சவராவிலும் ஆலைகள் எழுந்தன. முதல் உலகப் போர் வந்ததும் தொழில் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. மின்விளக்கு வந்து மாண்டிலுக்கு மவுசு குறைந்த வேளையில் அணுகுண்டு வந்தது. தோரியத்துக்கு மறுபடி யோகம் அடித்தது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1947இல் தனித் திருவிதாங்கூர் என்று பேசியபோது அவர் மனத்தில் இந்த மணலும் இருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1960களில் இரு ஊர்களின் மணல் தொழிலும் அதன் கீழ் வந்தது. இடையே 1956 நவம்பர் 1ஆம் தேதி மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்கும் சவரா கேரளத்துக்கும் போயிற்று. மணலுக்கு அது தெரியாது!

இத்தனை காலமும் மணலைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, மணல்மேல் இருந்த மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சு ஹிரோஷிமாவுக்குப் பிறகு வந்தது. எக்ஸ் கதிர் பட்டால் பழ ஈயின் மரபுப் பண்புகள் மாறுகின்றன என்று ஹெர்மன் முல்லர் 1927இலேயே காட்டியிருந்தார்; 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஈக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா? குண்டு விழுந்த ஊர்களில் பிறந்த குழந்தைகளை நீலும் ஷல்லும் எண்ணிப் பார்த்து 1956இல் அறிக்கை தந்தார்கள். தெளிவான மரபுக் கேடு எதுவும் அகப்படவில்லை. ஆனால் குண்டு என்பது ஒரு நொடி. ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகப் படும் கதிர் என்ன செய்யும்? அதைப் பார்க்க உலகில் இடங்கள் சிலவே. பிரேசிலில் குவாராபரி (வாதம் தீரும் என்று அங்கே கருமணலில் புதைந்து படுப்பார்களாம்), ஈரானில் ராம்சர், சீனாவில் யாங்ஜியாங், நம் கேரளக் கரை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, மனித மரபுரிமையை ஆராயத் தக்க இடம் என்று இந்தக் கரையைச் சுட்டியது. அதே 1959இல்தான் பாரிஸில் ழெரோம் லெழூன், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதை வெளியிட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். ஆனால் பின்னால் அவை சந்தித்தன.

முதலில் வந்தவர்கள் எலி பிடித்தார்கள். லண்டனிலிருந்து ஹான்ஸ் குருனெபர்க் குழுவினர் கரையோர வீட்டெலிகளின் எலும்புகளை அளந்து பார்த்து, வேறுபாடு ஒன்றும் இல்லை என்று 1966இல் எழுதினார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கோபால ஐயங்கார் குழு மக்களைக் கணக்கெடுத்து, பிறப்பிலும் குழந்தை இறப்பிலும் வேறுபாடு இல்லை என்று 1971 ஜெனீவா மாநாட்டில் சொன்னது.

அப்புறம் வந்தது குண்டு. 1976இல் நேச்சர் இதழில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கொச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கசுவாமி ஆகியோர் ஒரு கட்டுரை எழுதினர். கதிர் மிகுந்த கரையில் டவுன் நோய்க்குறியும் மனவளர்ச்சிக் குறைவும் கூடுதல், இரத்த அணுக்களின் குரோமோசோம்களிலும் முறிவுகள் கூடுதல் என்றார்கள். எழுதியவர்கள் சாமானியர் அல்லர். மருத்துவ மரபியலை இந்தியாவில் வளர்த்தவர்களில் ஒருவர் வர்மா. கரையில் பெண் எடுக்க, பெண் கொடுக்க ஒருவன் யோசிப்பானா மாட்டானா? இப்படிப்பட்ட செய்தி டெல்லியில் ஒரு கட்டுரை, கடப்புறத்தில் ஒரு களங்கம்.

மறுப்பும் உடனே வந்தது. தாயின் வயது ஏற ஏற டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறும். முப்பத்தைந்து தாண்டிய தாய்மார் ஒரு பகுதியில் அதிகமாக இருந்தால் கதிரே இல்லாமலும் எண்ணிக்கை கூடும். இன்னொன்று, ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பகுதியில் ஒரு டவுன் குழந்தைகூட அகப்படவில்லை. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை என்றால் அது அந்த ஊரின் அதிர்ஷ்டமா, எண்ணியதில் ஓட்டையா? பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். அதே சமயம் அந்தக் கட்டுரையை வெறும் தவறு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். அது எழாதிருந்தால் அடுத்த இருபது ஆண்டு உழைப்புக்கு அவசரமே வந்திராது.

அந்த உழைப்பு இரு கிளையாக நடந்தது. ஒன்று, முன்னே சொன்ன 1990ஆம் ஆண்டுப் பதிவேடு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்தியது. கருநாகப்பள்ளி தாலுகாவில் 3,85,103 பேரிடம் வீடு வீடாகப் போய் விவரம் கேட்டார்கள். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் கதிர் அளந்தார்கள். மற்றொன்று, பாபா மையம் கொல்லத்தில் வைத்த ஆய்வகம். 1995 ஆகஸ்ட் முதல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் பிறவிக் குறைகளுக்காகப் பார்த்தார்கள். பல குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணினார்கள். எதற்கு இவ்வளவு? கதிரே படாத ஊரிலும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது குறையோடு பிறக்கும். அதற்குமேல் கதிரால் ஆயிரத்தில் ஒன்று கூடியதா என்று தெரிய, ஆயிரம் பிரசவம் போதாது, லட்சம் வேண்டும். பொது சுகாதாரத்தில் இந்தப் பொறுமைக்குப் பெயரும் புகழும் கிடைப்பதில்லை.

பதினெட்டு ஆண்டுகளில் 1,41,540 குழந்தைகள். 2013இல் வெளியான கணக்கு: இறந்து பிறத்தலோ, பெரிய பிறவிக் குறையோ, டவுன் நோய்க்குறியோ கதிர் அளவோடு சேர்ந்து ஏறவில்லை. குரோமோசோம் கணக்கும் அதையே சொன்னது. குரோமோசோம் நுனிகளான டெலோமியர்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். குழந்தைகளிடம் தேய்மானம் இல்லை. புற்றுநோய்ப் பக்கம், 30 முதல் 84 வயதுள்ள 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்தார்கள். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய். அதில் 30 இரத்தப் புற்று. கதிர் கூடிய வீட்டாருக்கு நோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள்.

அப்படியென்றால் மணல் குற்றமற்றதா? அவசரப்பட வேண்டாம். 2002இல் ஜெர்மனியின் ஃபார்ஸ்டர் குழு இதே கரையோர மக்கள் 988 பேரின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் படித்தது. இது தாய்வழி மட்டுமே வரும் சிறு மரபுச் சரடு. கதிர் மிகுந்த பகுதியில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே எழுத்து மாற்றங்கள் கூடுதல் என்று கண்டார்கள். மாற்றம் உண்டு, நோய் காணோம் என்றால் எப்படி என்று கேட்கலாம். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். மெல்ல மெல்லப் படும் கதிரின் சேதத்தைச் செல் தானே பழுது பார்த்தும் கொள்ளும். ஆக, ஒரு கருவி ஒன்றைக் காட்டியது, இன்னொரு கருவி இன்னொன்றைக் காட்டியது. இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கதையில் என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது வேறொன்று. கதிரைத் தேடிப் போன பதிவேட்டில் புகையிலை அகப்பட்டது. பீடி குடிக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்று. வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்களுக்கு வாய்ப்புற்று. ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறார்களோ அதற்கேற்ப நோயும் ஏறியது. மணலில் காணாத ஏணிப்படி, சுருக்குப் பையில் தெளிவாகத் தெரிந்தது. கடப்புறத்துக் கிழவி காலுக்குக் கீழே இருந்த தோரியத்துக்குப் பயந்தாளோ இல்லையோ, கன்னத்தில் அடக்கிய புகையிலைக்குப் பயப்படவில்லை. நம் வீட்டுப் பாட்டிமார்களும் அப்படித்தானே!

இனி மணவாளக்குறிச்சிப் பக்கம் வருவோம். கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம் முதலான ஊர்களில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2024 முதல் மக்கள் போராடிவருகிறார்கள். இத்தகைய வாதங்களில் ஒரு தரப்பு 1976 கட்டுரையைத் தூக்கும், மறு தரப்பு 2009 கட்டுரையைத் தூக்கும். இரண்டுமே இடம் மாறிய சாட்சி. அந்த ஆய்வுகள், மணல் கிடந்தபடி கிடக்க அதன்மேல் வாழ்ந்தவர்களைப் பற்றியவை. மணலைத் தோண்டிப் பிரிக்கும் தொழிலாளி மூச்சில் போகும் தூசியைப் பற்றி அவை பேசவில்லை. கடல் உள்ளே வருவதைப் பற்றியும் பேசவில்லை. 2019இல் ஆலப்பாட்டுக்காரர்கள் போராடியது மரபணுவுக்காக அல்ல, தங்கள் கரை கரைந்துபோவதற்காக. ஊர்க்காரர் கேள்வி ஒன்று, கையில் நீட்டப்படும் விடை வேறொன்றுக்கு என்பது நல்ல பொது சுகாதாரம் ஆகாது. அந்த விடைகளும் ஆங்கில ஆய்விதழ்களில்தான் வந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவியோ இன்று பழைய கருவி அல்ல. மனித மரபுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளை முதன்முதலாகப் படித்து முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின, 2003இல் முடிந்தது. இப்போது நாள்கணக்கு வேலை. பத்தாயிரம் இந்தியரின் தொகுதிகளை ஜீனோம் இந்தியா திட்டம் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரையும் முழுதாகப் படித்து, பிள்ளையிடம் மட்டும் புதிதாகத் தோன்றிய எழுத்துகளை எண்ணிவிடலாம்; சாதாரணமாக அறுபது எழுபது இருக்கும். செர்னோபிலில் கதிர் பட்ட பெற்றோருக்குப் பிறந்த 130 பேரை இப்படி எண்ணி, கூடுதல் இல்லை என்று 2021இல் சயன்ஸ் இதழில் சொன்னார்கள். சவரா கரையில் இதைப் பெரிய அளவில் எண்ணினால் 1976இன் சண்டைக்கு ஒரு முடிவு காணலாம். மணிக்கணக்கில் கணினி ஓட வேண்டிய வேலை; கழக்கூட்டத்தில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்? இரத்தம் தர வேண்டியவர்களும் தொலைவில் இல்லை. 1995 ஆகஸ்டில் கொல்லத்து மருத்துவமனைகளில் முதன்முதலாகப் பதிவான குழந்தைகளுக்கு 2025 ஆகஸ்டில் முப்பது வயது நிறைந்துவிட்டது. இப்போது அவர்கள் பிள்ளை பெறும் பருவம்.