பழைய சேலையில் கைத்தையல் போர்வை... 18 மணி நேரம், 12,000 தையல், நீங்க ரெடியா?

உங்க வீட்டு பீரோவோட கீழ்த்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்க. நடுவில் நைந்துபோன காட்டன் சேலை ஒன்று, சாயம் போன சுங்குடி ஒன்று, ஆச்சியோ அம்மாவோ கட்டின சேலை ஒன்று... கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவுக்கு வந்தால் எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டு, திரும்பவும் உள்ளே கொண்டுவந்து மடித்து வைத்திருப்பீங்க. அந்தச் சேலைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் பாவூர்சத்திரம் வரும். பக்கத்திலேயே கீழப்பாவூர். வெளியூர்க்காரர்களுக்கு 16 கை நரசிம்மர் கோயில் என்றால் தெரியும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் குற்றாலத்தில் சீசன் என்றால், இந்தப் பக்கம் முழுக்க காற்றும் சாரலும்தான். ராத்திரி ஃபேன் போடாமலே போர்வை தேடுவோம். ஆனால் இலவம்பஞ்சு மெத்தையையோ, பஞ்சு வைத்த கனமான போர்வையையோ சாரல் காலத்தில் நனைத்துவிட்டால் அவ்வளவுதான். வெயில் முகம் காட்டுவதற்குள் உள்ளே பூஞ்சை பிடித்து, ஒரு வாடை வந்துவிடும். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை அப்படி இல்லை. உள்ளே பஞ்சே கிடையாது, துணி மட்டும்தான். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். கொடியில் போட்டால் காய்ந்துவிடும். இந்த ஊர் பருவத்துக்கு இதுதான் சரி.

கந்தா, கோதடி மாதிரி வெளியுலகம் பெயர் சொல்லிக் கேட்கிற போர்வை மரபு நம்ம பக்கம் இல்லை. நமக்குப் பத்தமடைப் பாய் இருந்தது, சமுக்காளம் இருந்தது. பழைய சேலை தொட்டிலாகும், பிறகு குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும். அதோடு அதன் ஆயுசு முடிந்தது. ஆனால் அதே பழைய சேலையை வைத்து மற்ற ஊர்ப் பெண்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலை பார்டரிலிருந்தே நூலை உருவி எடுத்துத் தைத்ததுதான் கந்தா. அந்த நூலிலேயே மீன், தாமரை, தேர் என்று படமும் வரைந்துவிடுவார்கள். மேற்கு வங்கத்தின் நக்‌ஷி கந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பீகாரில் பிறந்த குழந்தையைப் பழைய துணியில் தைத்த சுஜனியில் சுற்றுவது வழக்கம். மகாராஷ்டிராவில் கோதடி. கர்நாடகாவின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அதன் நான்கு மூலைகளிலும் சின்ன முக்கோணத் துணியை மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பூலா’, அதாவது பூ. அது இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையான போர்வையே இல்லை. நாம் நெற்றியில் பொட்டில்லாத முகத்தைப் பார்த்துச் சொல்வோமே, அந்த மாதிரி.

இதையெல்லாம் தாண்டி எனக்கு மறக்கவே முடியாதது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் கிராமம்தான். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வாரிசுகள் வாழும் ஊர். குளிர் தாங்க, கையில் கிடைத்த துணியையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். 1942-ல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை, பேன்ட்டையெல்லாம் வெட்டி மிசௌரி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும் என்பதற்காக. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையாகவே வெளியிட்டது.

சரி, நம்ம பீரோவுக்கு வருவோம்.

ஒரு சேலையின் கணக்கு

சாதாரண சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் சுமார் 45 அங்குலம். மூன்றாக மடித்தால் ஆறடி நீளம். ஒரு ஆள் போர்த்துகிற அளவு, தானாகவே அமைந்துவிடுகிறது!

இரண்டு சேலை போதும். முதல் சேலையை மூன்றாக மடித்தால் உள்ளே மூன்று அடுக்கு ஆச்சு. இது எவ்வளவு பழசானாலும், சாயம் போனதானாலும் பரவாயில்லை, வெளியே தெரியப்போவதில்லை. இரண்டாவது சேலையில் ஆறடி மேலே, ஆறடி கீழே. இன்னும் ஆறடி மிச்சம் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஐந்து அடுக்கில் ஊசி இறங்கக் கஷ்டமாக இருந்தால் உள்ளே இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்தச் சேலை எடுக்கலாம்? காட்டன் மட்டும். பட்டு வேண்டாம். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கும், தைக்கத் தைக்கக் கிழியும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, போர்த்தினால் புழுங்கும். காட்டனிலும் ஒரு சோதனை உண்டு: ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்க. இழை விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்க. ‘சர்’ரென்று கிழிந்தால் அந்தப் பகுதியை உள்ளடுக்குக்குத் தள்ளிவிடுங்க. ஜரிகை பார்டர் உடம்பில் உரசும், அதைப் பிரித்து எடுத்துவிடுங்க.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை நனைத்து சேலையின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக, நிறம் விடாத வரைக்கும் அலசுங்க. இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால், முதல் துவையலிலேயே சிவப்பு போய் மஞ்சளில் ஏறும். வாரக்கணக்கில் தைத்தது ஒரு பக்கெட் தண்ணியில் வீணாகும்.

ஊசி, நூல், அப்புறம் பொறுமை

தையல் மெஷின் தேவையில்லை. பெரிய கண் உள்ள எம்ப்ராய்டரி ஊசி ஒரு பாக்கெட், ஒரு கத்தரிக்கோல், நடுவிரலில் மாட்ட ஒரு திம்பிள். கடைசியாகச் சொன்னதை வாங்காமல் விட்டால் இரண்டாம் நாளே விரல் நுனி பொத்துப்போகும். நூலுக்கு ஆறு இழை கொண்ட எம்ப்ராய்டரி நூல்கண்டு நல்லது. ஒரு கண்டு எட்டு மீட்டர் இருக்கும். அதில் மூன்று இழையைப் பிரித்துக்கோத்தால் தையல் எடுப்பாகத் தெரியும். வீட்டில் பீடிக்குக் கட்டுகிற நூல் கிடக்குமே, அதை எடுக்கலாமா என்று கேட்காதீங்க. அது ரொம்ப மெல்லிசு, ஐந்து அடுக்கை இழுத்துப் பிடிக்காது.

சுத்தமாகப் பெருக்கின தரையில் கீழடுக்கைச் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்க. படி, குழவி, புத்தகம் எதுவானாலும் சரி. மேலே உள்ளடுக்குகள். இவை சுற்றிலும் அரை அங்குலம் குறைவாக இருக்கட்டும். அதன்மேல் மேலடுக்கு. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி விடுங்க. பிறகு ஒரு சாண் இடைவெளியில் நீள நீளமாகத் தளர்தையல் போட்டு எல்லா அடுக்கையும் பிடித்து நிறுத்த வேண்டும். கடைசியில் உருவிவிடுகிற தையல்தான் இது. ஆனால் முதல் தடவை தைக்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பாதி வேலையில் உள்ளடுக்கு சுருண்டு மூலையில் பந்தாக நிற்கும்.

வெளி இரண்டு அடுக்கின் ஓரத்தையும் உள்பக்கம் மடித்துச் சுற்றிலும் தைத்து மூடிவிடுங்க. அப்புறம் நடுவில் ஒரு வரிசை ஓட்டுத்தையல். அதிலிருந்து இரண்டு பக்கமும் அங்குலத்துக்கு ஒரு வரிசை. நடுவில் தொடங்கினால் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். (சித்திப் பெண்கள் நேர்மாறாக, ஒரு மூலையில் தொடங்கி ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். கை பழகினவர்களுக்கு எல்லாம் சரிவரும், நமக்கு முதலில் நடுவே நல்லது.)

இப்போ கணக்கு. 44 வரிசை, ஒவ்வொன்றும் 72 அங்குலம், அங்குலத்துக்கு 4 தையல். மொத்தம் 12,672 தையல்! வரிசைக்கு 25 நிமிஷம் என்றால் 18 மணி நேரத்துக்கு மேலே. நூல் ஏறத்தாழ 100 மீட்டர், மூன்று இழைக்கு ஏழு கண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. தினம் ஒரு வரிசை, அதாவது ஒரு சீரியல் நேரம். ஆடி மாசம் தொடங்கினால் புரட்டாசிக்குள் போர்வை ரெடி.

தினம் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கமெல்லாம் நிறைய வீடுகளில் பெண்களின் மடியில் பீடிச் சொளகு இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. காலையிலிருந்து கழுத்தைக் குனிந்து, விரல் நுனியால் சுருட்டிவிட்டு, சாயங்காலம் பொழுதுபோக்கு என்று அதே கழுத்தை அதே மாதிரி குனிந்தால் அது ஓய்வாகாது. சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, துணியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துத் தையுங்க. பகல் வெளிச்சம் இருக்கும்போது தையுங்க. கண் நீர் விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், ஊசியைக் குத்தி வைத்துவிடுங்க.

வித்துக் காசாக்கலாமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நேர்மையாகச் சொன்னால், நம்பி இறங்காதீங்க. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால்கூட 18 மணி நேரத்துக்கு 1,125 ரூபாய் வருகிறது. நூல், ஊசி தனி. கடையில் அதைவிடக் குறைந்த விலைக்குப் போர்வை தொங்குகிறபோது, பக்கத்துத் தெருவில் யாரும் உங்ககிட்ட அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். பெருநகரங்களில் கைத்தையலுக்கு மதிப்புக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் போய்ச் சேர்வதே தனி வேலை. ‘வீட்டிலிருந்தே தைக்கலாம், துணி நாங்க தருவோம், முன்பணம் மட்டும் கட்டுங்க’ என்று வருகிற மெசேஜ்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. வேலை கொடுக்கிறவர் காசு தருவார், கேட்க மாட்டார்.

மிச்சத் துணியில் என்ன தைக்கலாம்?

ஆறடி மிச்சம் சொன்னேனே. ஆச்சிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் என் முதல் ஓட்டு. எட்டு அங்குல உயரம், ஏழு அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. மேலே ஒன்றரை அங்குலம் விட்டுவிட்டு மூன்று பக்கமும் தைத்து, மேல் ஓரத்தை மடித்து நாடா போகிற அளவுக்குக் குழாய்போலத் தையுங்க. இரண்டு நாடா, ஒன்று இடப்பக்கமிருந்து நுழைந்து சுற்றி இடப்பக்கமே வரட்டும், இன்னொன்று வலப்பக்கமிருந்து. இரண்டையும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். சார்ஜர், மருந்து, சில்லறை எல்லாம் போடலாம்.

அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கு எட்டு அங்குலச் சதுரம் இரண்டு, நடுவில் பழைய ஜீன்ஸ் துண்டு இரண்டு அடுக்கு. எல்லாமே காட்டனாக இருக்கணும். நான் முதலில் தைத்தது பாலியஸ்டர் நைட்டித் துணியில். பார்க்க அழகு. தோசைக்கல்லைத் தொட்டதும் உருகி ஒட்டிக்கொண்டது, நல்லவேளை விரல் தப்பித்தது.

இன்னும் சின்னத் துண்டுகள் இருந்தால் பொம்மை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம், கடலோரப் பெண்களுக்குத் தையல் மிச்சத் துணியில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. ‘சுனாமிகா’ என்று பெயர். விற்காமல், அன்பளிப்பாகவே உலகம் முழுக்கப் போனது. கடலைப் பார்த்தாலே நடுங்கின நேரத்தில், கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கைக்குழந்தைக்குத் தைக்கிறவர்கள் கவனிங்க: பட்டன், மணி, பாசி எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு வயது ஆகும்வரை தூங்கும்போது கனமான போர்வையைக் குழந்தைமேல் போர்த்தவும் கூடாது. அதுவரை விழித்திருக்கும்போது விளையாட தரையில் விரித்துக் கொடுங்க.

அம்மா சேலையை வெட்டுவதற்கு முன்னால்...

இறந்தவர் துணியை வீட்டில் வைக்கவே கூடாது என்று சொல்கிற குடும்பம் உண்டு. ஒரு சேலையை மட்டும் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாமி கும்பிடுகிற குடும்பமும் உண்டு. உங்க வீட்டு வழக்கம் எதுவோ, கத்தரிக்கோலை எடுக்கும் முன் அக்கா தங்கச்சி, மதினிமாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. நீங்க பழசு என்று நினைக்கிற சேலை, அக்காவுக்கு அவள் வளைகாப்பில் அம்மா கட்டியிருந்த சேலையாக இருக்கலாம். வெட்டிவிட்டால் ஒட்டாது. மனசு சரியில்லாத முதல் சில மாசங்களில் வெட்டவே வேண்டாம்.

மூன்று பேரும் கேட்டால்? 18 அடிச் சேலையில் மூன்று ஆறடி இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு மேலடுக்காக வரட்டும். உள்ளேயும் அடியிலும் அவரவர் வீட்டுச் சேலையை வைத்துக்கொள்ளுங்க. முந்தானை யாருக்கு என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது, சண்டை அங்கேதான் வரும்.

தைத்து முடித்ததும் தளர்தையலை உருவிவிட்டு, ஒரு மூலையில் வருஷத்தையும் சேலை யாருடையது என்பதையும் அதே நூலில் தைத்துவிடுங்க. பேனா எழுத்து இரண்டு துவையலில் போய்விடும். துவைப்பதற்கு ஊறவைக்க அரைமணி நேரம் போதும், முறுக்கிப் பிழியாமல் மடித்து அழுத்துங்க. சாரல் நாளில் ஒற்றைக் கொடியில் போடாமல் இரண்டு கொடியில் பரப்பிப் போட்டால், நடுவில் காற்று புகுந்து சீக்கிரம் காயும்.