ஒரு தொப்பி, இரண்டு கடிதங்கள்: மலாவியில் சபையும் அதிகாரமும்

இந்த எபிசோட்ல ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கம் இருக்கிற மலாவிக்குப் போறோம். ஆனா ஆரம்பிக்கப் போறது லண்டன்ல.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்கு பீடங்கள் இருக்கு. மூணுல நிரந்தரச் சிலைகள். நாலாவதுல மட்டும் அவ்வப்போது புதுப் படைப்பு ஒன்று வைப்பாங்க. 2022 செப்டம்பரில் அங்கே ரெண்டு பேரோட சிலை வந்தது. ஒருத்தர் ஜான் சிலெம்ப்வே, மலாவியைச் சேர்ந்த பாப்டிஸ்ட் பாஸ்டர். பக்கத்துல ஜான் சோர்லி என்ற வெள்ளைக்கார மிஷனரி. பாஸ்டர் சிலை 5 மீட்டர் உயரம். சோர்லியோ சாதாரண ஆள் அளவுதான். செய்தவர் மலாவியில் பிறந்த சிற்பி சாம்சன் கம்பாலு.

இதுக்கு அடிப்படை 1914-ல் எடுத்த ஒரு போட்டோ. சும்மா பார்த்தா அதுல ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் தொப்பி போட்டு நிக்கறாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்காரர் எதிர்ல ஆப்பிரிக்கர் தொப்பியைக் கழட்டிடணும். சிலெம்ப்வே கழட்டல. அடுத்த வருஷமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். 1859-ல் டேவிட் லிவிங்ஸ்டன் மலாவி ஏரிக்கு வந்தார். அப்போ அந்தப் பகுதியே அடிமை வியாபாரத்தில் சிக்கிக் கிடந்தது. கிறிஸ்தவமும் நேர்மையான வணிகமும் சேர்ந்து வந்தா அடிமை வியாபாரம் ஒழியும் என்பது அவருடைய நம்பிக்கை. 1861-ல் மகொமேரோ என்ற இடத்தில் முதல் மிஷன் வந்தது, காய்ச்சலிலும் சண்டையிலும் சீக்கிரமே கலைந்தது. பிறகு 1875-லயும் 1876-லயும் ஸ்காட்லாந்து சபைகள் வந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சகம் எல்லாம் தொடங்கின. பிளாண்டயர்னு இன்னைக்கு இருக்கிற பெரிய நகரமே ஒரு மிஷன் ஸ்டேஷனாகத்தான் பிறந்தது. லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயர் அது.

1891-ல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தது. ஷிரே மலைப்பகுதியின் நல்ல நிலமெல்லாம் ஐரோப்பியர் கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையா அங்கே பயிரிட்டவங்க, அதே மண்ணில் குடியானவர்களா ஆனாங்க. வாடகையைப் பணமா வாங்கல, உழைப்பா வாங்கினாங்க. அதுக்குப் பேர் தங்காட்டா. உள்ளூர் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'உதவி'ன்னு அர்த்தம்! பக்கத்து வீட்டுக்காரருக்கு வயல்ல கை கொடுக்கிறதைச் சொல்ற வார்த்தை, கட்டாய வேலைக்குப் பெயரா மாறிடுச்சு. அந்த வேலையும் பெரும்பாலும் மழைக்காலத்துலதான். அதாவது, தன் வயல்ல விதைச்சுக் களையெடுக்க வேண்டிய நேரத்துல. இது போதாதுன்னு குடிசை வரி வேற.

இப்போ அந்த மகொமேரோவைக் கவனிங்க. முதல் மிஷன் வந்த அதே இடம், பிறகு 1,60,000 ஏக்கருக்கும் மேல் பரந்த ஒரு பெரிய எஸ்டேட். உரிமையாளர்களில் ஒருவர் டேவிட் லிவிங்ஸ்டனின் சொந்தப் பேரன். மேனேஜர் பெயர் வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். அந்த எஸ்டேட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி இல்லை. தொழிலாளர்கள் கட்டிய ஜெபக்கூடங்களை மேனேஜர் எரித்தார். தாத்தா எதை வெச்சு மக்களுக்கு விடுதலை வரும்னு நம்பினாரோ, அதுக்கே பேரனோட எஸ்டேட்ல இடமில்லை.

எரிந்த அந்தக் கூடங்கள் சிலெம்ப்வேயின் சபையைச் சேர்ந்தவை. அவர் ஜோசப் பூத் என்ற மிஷனரியிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கேன்னு 1897-லேயே புத்தகம் எழுதின வெள்ளைக்காரர் பூத். அதே வருஷம் அவர் சிலெம்ப்வேயை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனார். வர்ஜீனியாவில், கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளின் ஆதரவோடு இறையியல் படித்துவிட்டு, 1900-ல் சிலெம்ப்வே ஊர் திரும்பினார். சிராட்சுலுவில் பிராவிடன்ஸ் இண்டஸ்ட்ரியல் மிஷனைத் தொடங்கினார். பள்ளிகள், தையல் வகுப்பு, கடைசியில் செங்கல்லில் பெரிய தேவாலயம். பதினாலு வருஷம் அவர் பண்ணினது இதைத்தான். கையில் ஆயுதம் இல்லை.

அப்புறம் எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழுந்தது. 1913-ல் பஞ்சம். மிஷனுக்குக் கடன். அவருக்கு ஆஸ்துமா, பார்வையும் மங்கிட்டு வந்தது. 1914-ல் உலகப் போர். செப்டம்பரில் கரோங்காவில் ஜெர்மன் படையோடு நடந்த சண்டையில் உள்ளூர் வீரர்களும் செத்தாங்க.

இங்கேதான் முதல் கடிதம் வருது. 1914 நவம்பரில் நியாசாலாந்து டைம்ஸ் பத்திரிகைக்கு சிலெம்ப்வே எழுதினார். சாரம் இதுதான்: இது எங்கள் போர் இல்லை. இதில் லாபம் பார்க்கிற பணக்காரர்களும் நிலச்சொந்தக்காரர்களும் போய்ச் சண்டை போடட்டும். நாங்கள் செத்தால் எங்கள் விதவைகளையும் அனாதைகளையும் யார் பார்ப்பார்கள்? அரசாங்கத் தணிக்கை அந்தக் கடிதத்தை முடக்கியது.

1915 ஜனவரி 23 இரவு. அவருடைய ஆட்கள் மகொமேரோவைத் தாக்கி மேனேஜர் லிவிங்ஸ்டனின் தலையை வெட்டினார்கள். மொத்தம் மூன்று ஐரோப்பிய ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகளுக்குக் கெடுதல் செய்யக்கூடாதுன்னு உத்தரவு இருந்தது, அதை மீறல. ஆனா மறுநாள் ஞாயிறு ஆராதனை நடந்தபோது அந்தத் தலை ஒரு கம்பில் வைக்கப்பட்டிருந்தது. சில நாளில் நகுலுடியில் இருந்த ஒரு கத்தோலிக்க மிஷனையும் எரித்தார்கள். இதையெல்லாம் விட்டுட்டு தொப்பியை மட்டும் கொண்டாட முடியாது.

நாடு முழுக்க எழுச்சி வரவில்லை. பிப்ரவரி 3 அன்று மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் சிலெம்ப்வே சுடப்பட்டார். சுமார் 40 பேருக்கு மரண தண்டனை, 300 பேருக்குச் சிறை. அவர் கட்டிய தேவாலயத்தை அரசாங்கம் வெடி வைத்துத் தகர்த்தது. அவர் மிஷனில் படித்த டேனியல் மலெகெபு அமெரிக்காவில் டாக்டராகி, 1926-ல் திரும்பி வந்து அதை மறுபடி திறந்தார். தங்காட்டா முழுசா ஒழிய இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு.

1964-ல் சுதந்திரம். ஆட்சிக்கு வந்தவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா. மலெகெபு படித்த அதே மெஹாரி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், ஸ்காட்லாந்து சபையில் மூப்பராகவும் இருந்தவர். அவர் வாழ்நாள் அதிபரானார். ஒரே கட்சி, எதிர்த்துப் பேசினால் சிறை. அதிகாரம் கைமாறிச்சு, வாயை மூடிட்டு இருங்கிற கட்டளை மாறல.

இப்போ இரண்டாவது கடிதம். 1992 மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. கத்தோலிக்க ஆயர்கள் எழுதிய மேய்ப்புப் பணிக் கடிதம் நாடு முழுக்க உள்ள ஆலயங்களில் ஒரே நாளில் வாசிக்கப்பட்டது. ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவில் வளரும் இடைவெளி, நெரிசலான வகுப்பறைகள், ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் ஆஸ்பத்திரிகள், பேசப் பயப்படும் மக்கள். எல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தது. ரகசியமாக 16,000 பிரதிகள் அச்சடித்திருந்தார்கள். அரசாங்கம் அதைத் தேசத்துரோக ஆவணம் என்றது. ஆயர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆனா அதுக்குள்ள மக்கள் கேட்டாச்சு.

என் வேலை பாஷையில சொன்னா, முதல் கடிதம் ஒரே சர்வர்ல இருந்தது. ஒரு பத்திரிகை, ஒரு தணிக்கை அதிகாரி, முடிஞ்சது. இரண்டாவது எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல ஓடுச்சு. எதை நிறுத்துவாங்க?

மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, பிரஸ்பிட்டேரியன் சபையும் குரல் கொடுத்தது, வெளிநாடுகள் உதவியை நிறுத்தின. 1993 ஜூனில் பொது வாக்கெடுப்பு. சுமார் 63 சதவீதம் பேர் பல கட்சி ஆட்சி வேணும்னாங்க. 1994 தேர்தலில் பண்டா தோற்றார். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையா இருக்கிற நாட்டில், ஜெயித்து அதிபரான பக்கிலி முலுசி ஒரு முஸ்லிம்.

சிலெம்ப்வேயின் முகம் இப்போ மலாவியின் குவாச்சா நோட்டில் இருக்கு. ஜனவரி 15 அவர் நினைவு நாள், அரசு விடுமுறை. ஆனா 1914-ல அவர் கேட்ட கேள்விக்கு யாராவது உட்கார்ந்து பதில் எழுதியிருந்தா, அந்த ஜனவரி இரவு நடந்திருக்குமா? கடிதம் எழுதுறவரை கவனிக்கிறது அப்படி ஒண்ணும் செலவான விஷயம் இல்லை. கவனிக்காம விட்டதுக்குத்தான் ரெண்டு பக்கமும் உயிரைக் கொடுத்தாங்க.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.