சாந்தோரியோவின் நாற்காலி

சாப்பிடுகிறவன் இலையைப் பார்க்காதே, கண் படும் என்று அதட்டி வளர்த்த வீடு எங்களுடையது. அதனாலோ என்னவோ, சாப்பாட்டை உட்கார்ந்து அளந்த மனிதர்கள் மேல் எனக்கு ஒரு தனிக் கவர்ச்சி. அவர்களில் மூத்தவர் சாந்தோரியோ சாந்தோரியோ. ஆமாம், ஊர்ப்பெயர் இல்லை, இரண்டும் அவர் பெயர்தான். 1611 முதல் 1624 வரை இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர், கலிலியோவுக்கு வேண்டியவர்.

அவர் சாப்பிட உட்காரும் நாற்காலி தரையைத் தொடாது, விரற்கடை உயரத்தில் தொங்கும். தாங்குவது ஒரு வெள்ளிக்கோல். கோலில் குண்டை நகர்த்தி நிறுப்பார்களே, அதேதான். மறுமுனையில் மூட்டைக்குப் பதில் பேராசிரியர். இன்றைக்கு இவ்வளவு என்று முடிவுசெய்து குண்டை முன்கூட்டியே நிறுத்திவிடுவார். அந்த அளவு உள்ளே போனதும் நாற்காலி இறங்கித் தரையில் உட்காரும். அதோடு கை கழுவ வேண்டியதுதான், மறுசோறு கிடையாது.

கோலை மட்டும் மேல்மாடியில் மறைத்துவைத்தார். சாப்பாட்டு அறை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். புதிதாக எதைக் கண்டாலும் சிரிக்கிற விவரமற்றவர்கள் இதையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார்.

இப்படி 25 ஆண்டுகள் நிறுத்துச் சோதித்து வந்ததாக 1615இல் கலிலியோவுக்கு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவருடைய நூலின் கணக்கு இது: ஒரு நாளில் உண்பதும் குடிப்பதும் 8 பவுண்டு என்றால், அதில் 5 பவுண்டு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். உடம்பின் வரவுசெலவை எண்ணால் எழுதியவர்களில் அவர் முன்னோடி.

1636இல் அவர் இறந்தது வெனிசில். ஏறத்தாழ இருநூற்று எழுபது ஆண்டு கழித்து அதே வெனிசில் ஒரு மாளிகையில் குடியிருந்தார் ஹோரஸ் ஃபிளெட்சர் என்ற அமெரிக்கப் பணக்காரர். இவருக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை, பல் போதும். உணவு தானாகக் கரைந்து தொண்டையில் இறங்கும்வரை மென்று, எத்தனை மெல்லல் என்று எண்ணுவார். ஒரு சிறு துண்டு சின்ன வெங்காயத்துக்கு 722. சாம்பாரில் போட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், இது ஊர் ஊராகப் பரவியது. பிராகில் எழுத்தாளர் காஃப்கா இப்படி மெல்லத் தொடங்க, பார்க்கச் சகிக்காமல் அவருடைய அப்பா செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாராம்.

1980இல் தராசு திரும்பி வந்தது: நியூயார்க்கில் கிஸிலெஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் மேசைக்குள்ளேயே மின்னணுத் தராசைப் பதித்து, சாப்பிடுகிறவர் கண்ணில் படாமல் மூடிவைத்தார்கள். தட்டின் எடை நொடிக்கு நொடி எப்படிக் குறைகிறது, எந்த இடத்தில் வேகம் தணிகிறது என்பதெல்லாம் கோடாகப் பதிவாகிவிடும்.

இந்த மூன்றில் நுட்பமானது கடைசிக் கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் என் ஓட்டு சாந்தோரியோவுக்கு. ஊர் சிரிக்குமே என்று கோலை ஒளித்தார்; நாற்காலியில் உட்கார்ந்தது அவரே.